பெட்ரோல் பங்க் பீசோமீட்டரில் ரீடிங் குழம்பினால் எங்கே தேடுவது?

பெட்ரோல் கசிகிறதா என்று பார்க்கப் பங்க் வளாகத்தில் நாலைந்து பீசோமீட்டர், அதாவது நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் சிறு பைப் கிணறு, போட்டாயிற்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் எடுத்து லேபுக்கு அனுப்புகிறோம், ஆனால் வருகிற எண்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவே மாட்டேன் என்கின்றன. இந்த நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் பிரச்சினை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொள்கிறீர்களே, சாம்பிள் எடுத்த அன்று அந்தக் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை மீட்டரில் இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்கு உதவாது. அடுத்த முறையிலிருந்து முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

அப்புறம், மூடியைத் திறக்கும் முன் ஒரு நிமிடம். பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், மூடிய பைப்புக்குள் அந்த அளவு சேர்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. செல்போனை வண்டியில் வையுங்கள். காற்று ஆவியை உங்கள் முகத்துக்குக் கொண்டுவருகிற பக்கம் நின்று குனியாதீர்கள். மூடியைத் தளர்த்திவிட்டுப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டால் ஆவியும் போகும், இறுகிக் கிடந்த காற்று வெளியேறி நீர்மட்டமும் தன் இடத்துக்கு வரும்.

வாசனை மூக்கைத் துளைக்கிறது, ரிப்போர்ட்டிலோ ஒன்றுமே இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். முதலில் ரிப்போர்ட்டில் என்ன சோதனை செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "ஆயில் அண்ட் கிரீஸ்" என்று மட்டும் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அந்தச் சோதனையில் தண்ணீரிலிருந்து எண்ணெயைக் கரைப்பானில் பிரித்தெடுத்து, கரைப்பானைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு, மிச்சம் நிற்பதை எடை போடுவார்கள். கரைப்பான் பறக்கும்போது பெட்ரோலும் கூடவே பறந்துவிடும். கிரீஸுக்கும் கனமான எண்ணெய்க்கும் அது சரி, பெட்ரோலுக்கு அது சோதனையே இல்லை. பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் இந்த நான்கையும் கேஸ் குரோமட்டோகிராஃபில் (கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், லேபில் பீடெக்ஸ் என்றால் புரிந்துகொள்வார்கள். டீசல் டேங்கும் இருந்தால் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் மொத்த அளவையும் சேர்த்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் டீசலில் பீடெக்ஸ் குறைவு.

சோதனை சரியானதுதான் என்றால் அடுத்து பாட்டிலைச் சந்தேகப்படுங்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில், கழுத்துவரை கூட நிரப்பாமல், டிக்கியில் போட்டு மதியம் முழுக்க வெயிலில் சுற்றி மாலையில் லேபில் கொடுத்த சாம்பிளை நான் பார்த்திருக்கிறேன். அதில் பென்சீன் இருந்தால்தான் அதிசயம். 40 மில்லி கண்ணாடிக் குப்பி வேண்டும், மூடியின் உட்புறம் டெஃப்லான் பூசியது. தண்ணீரைக் குப்பியின் சுவரோடு ஒட்டி மெதுவாக விடுங்கள், சலசலவென்று ஊற்றக் கூடாது. விளிம்பைத் தாண்டி நீர் சற்றே மேடாகக் குவிந்து நிற்கும்வரை விட்டு, அந்த மேட்டின் மீது மூடியைச் சரித்து வைத்துத் திருகுங்கள், கொஞ்சம் வழியும், வழியட்டும். பிறகு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். மிளகளவு குமிழி ஒன்று மேலே ஏறினால்கூட அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு குப்பி நிரப்புவது நல்லது, ஏனென்றால் கரைந்த பென்சீன் அந்தக் குமிழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உடனே ஐஸ் பெட்டி, 4 டிகிரி. குப்பியில் ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளி இட்டு பி.எச். 2க்குக் கீழே கொண்டுவந்திருந்தால் 14 நாள் தாங்கும், அமிலம் இல்லையென்றால் 7 நாளுக்குள் லேப் சோதித்துவிட வேண்டும்.

அமிலம் பட்டதும் குப்பிக்குள் சோடா மாதிரி நுரைக்கிறதா? தண்ணீரில் கார்பனேட் அதிகம். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதியில் இது சகஜம். அங்கே அமிலத்தை விட்டுவிட்டு 7 நாள் கணக்கில் வேலை செய்யுங்கள்.

பாட்டிலும் சரி என்றால் கடைசியாகக் கிணறு. ஸ்லாட் பைப், அதாவது தண்ணீர் உள்ளே வரத் துளை போட்ட பகுதி, எத்தனை மீட்டரிலிருந்து எத்தனை மீட்டர்வரை இருக்கிறது? பெட்ரோலின் அடர்த்தி சுமார் 0.74, தண்ணீரில் மிதக்கும். துளைப்பகுதி 6 மீட்டரில் ஆரம்பித்து நீர்மட்டம் 4 மீட்டரில் நின்றால், மேலே மிதக்கிற எண்ணெய் மூடிய பைப்பின் வெளியே நிற்கும், உள்ளே வர வழியே இல்லை. நீங்கள் எடுப்பதெல்லாம் அடியில் உள்ள சுத்தமான தண்ணீர். துளைப்பகுதி கோடை நீர்மட்டத்துக்குக் கீழேயும் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலேயும் நீண்டிருக்க வேண்டும். சாதாரண போர்வெல் போடுகிறவரிடம் வேலையைக் கொடுத்தால் அவர் பழக்கதோஷத்தில் மேலே முழுக்க கேசிங்கை (துளையில்லாத பைப்) இறக்கி, தண்ணீரை ஆழத்திலிருந்துதான் எடுப்பார். அவர் மேல் தப்பில்லை, குடிநீர் போருக்கு அதுதான் சரி. இதற்குப் பரிகாரம் பக்கத்திலேயே புதிய கிணறு ஒன்றுதான்.

சித்திரையில் முக்கால் அடி எண்ணெய், கார்த்திகையில் ஒரு சொட்டு இல்லை

"மழை பெய்து எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது சார்" என்று பங்கில் சொல்வார்கள். நம்பாதீர்கள்.

நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கும், இறங்குகிற வழியெல்லாம் மணலுக்கு இடையே பூசிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் மேலே ஏறும்போது அந்த எண்ணெயில் பெரும்பகுதியால் கூடவே ஏற முடியாது. மண்துகள்களுக்கு இடையில் துளித்துளியாகச் சிக்கி, தண்ணீருக்கு அடியிலேயே மூழ்கிக் கிடக்கும். கிணற்றுக்குள் ஓடிவர அதற்கு வழி இல்லை, அதனால் உங்கள் இன்டர்ஃபேஸ் மீட்டர் (எண்ணெய் எங்கே, தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பீப் அடித்துக் காட்டும் அளவு டேப்) எண்ணெயே இல்லை என்கிறது. அடுத்த வெயிலில் நீர் இறங்கியதும் பூச்சிலிருந்து வடிந்து மறுபடி கிணற்றில் சேரும். ஆக, கோடையில் கூடி மழையில் மறைவது புதிய கசிவு என்றும் சொல்ல முடியாது, சுத்தமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது, பழைய எண்ணெயே ஏறி இறங்கி விளையாடுகிறது. இதே நேரத்தில் தண்ணீரில் கரைந்த பென்சீன் அளவு மழைக்குப் பின் உயர்ந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பூசிக்கிடக்கிற பகுதி முழுக்க இப்போது தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.

எப்படி உறுதி செய்வது? ஒரே தாளில் இரண்டு கோடு வரையுங்கள், நீர்மட்டம் ஒன்று, எண்ணெய்த் தடிமன் ஒன்று. குறைந்தது இரண்டு கோடையும் இரண்டு மழையும் வேண்டும். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறினால் மேலே சொன்ன கதைதான். நீர்மட்டம் போன வருஷம் இருந்த அதே இடத்தில் நிற்கும்போது தடிமன் மட்டும் போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால்தான் புதிதாக எங்கோ ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டும். மேலே களிமண், அதற்கு அடியில் மணல் என்று இருக்கிற இடங்களில் இது தலைகீழாகவும் நடக்கும்: நீரழுத்தம் கூடும்போது களிமண்ணுக்குக் கீழே அடைபட்ட எண்ணெய் கிணற்றுக்குள் பிதுக்கித் தள்ளப்பட்டு மழைக்காலத்தில்தான் தடிமன் கூடும். அதனால் கிணறு தோண்டியபோது எழுதிய மண் அடுக்குக் குறிப்பைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, கிணற்றில் 45 செ.மீ. எண்ணெய் நின்றால் மண்ணுக்குள்ளும் 45 செ.மீ. ஆழத்துக்குப் பெட்ரோல் குளம் கட்டி நிற்கிறது என்று கணக்குப் போட்டு, "இத்தனை ஆயிரம் லிட்டர் போயிருக்கிறது" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். கிணறு காலியான பைப், மண் அப்படியல்ல. மண்ணில் இருப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு, எவ்வளவு குறைவு என்பது களிமண்ணா மணலா என்பதைப் பொறுத்தது.

கசிவுக்கு எதிர்த்திசையில் உள்ள கிணற்றிலும் பென்சீன்

எதிர்த்திசை, அதாவது நிலத்தடி நீர் கசிவை நோக்கி வருகிற பக்கம், என்று யார் சொன்னது? பெரும்பாலும் ரோட்டின் சரிவைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். நிலத்தடி நீர் ரோட்டைப் பார்த்து ஓடுவதில்லை.

அது ஓடும் திசையைக் கண்டுபிடிக்க, ஒரே நேர்க்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். பைப்பின் வாய்மட்டத்தை லெவல் கருவி வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக எடுத்திருக்க வேண்டும், வாயில் எந்த இடத்திலிருந்து அளந்தோம் என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். தட்டையான கடற்கரை ஊரில் 30 மீட்டர் தூரத்துக்கு நீர்மட்ட வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் இருக்கும், பைப் வாயின் எந்தப் பக்கம் டேப்பை வைத்தோம் என்பதிலேயே அந்த வித்தியாசம் அடிபட்டுப்போகும்.

எண்ணெய் மிதக்கிற கிணற்றில் நேரடி ரீடிங்கை வைத்துத் திசை கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும், எண்ணெயின் எடை தண்ணீரைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. திருத்தம் எளிது. பைப் வாயிலிருந்து எண்ணெய் 4.20 மீட்டரில் ஆரம்பித்து, தண்ணீர் 4.65 மீட்டரில் ஆரம்பிக்கிறது என்றால் தடிமன் 0.45. அதை 0.74ஆல் பெருக்கினால் 0.333. 4.65இலிருந்து கழித்தால் 4.317 மீட்டர், அதுதான் எண்ணெய் இல்லாவிட்டால் தண்ணீர் நின்றிருக்கும் மட்டம். மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்! இதை விட்டுவிட்டு வரைந்த வரைபடங்களில் நீர் எண்ணெய்க் கிணற்றைத் தேடி எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடிவருவது போல இருக்கும்.

திருத்திய பிறகும் புதிராக இருந்தால் சுற்றிலும் யார் மோட்டார் போடுகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்தில் கார் கழுவும் இடமோ, தண்ணீர் லாரி நிரப்பும் போரோ, கல்யாண மண்டபமோ இருந்தால் அவர்கள் இறைக்கிற நாளில் நீர் அந்தப் பக்கம் திரும்பும். முகூர்த்த நாளில் ஒரு முறையும் சும்மா இருக்கிற நாளில் ஒரு முறையும் எல்லாக் கிணற்றிலும் மட்டம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பாறைப் பகுதியாக இருந்தால் மூன்று கிணற்றுக் கணக்கையே அதிகம் நம்ப வேண்டாம், நீர் விரிசல் போகிற வழியில் போகும்.

டொலுயீன் மட்டும் வருகிறது, மற்ற மூன்றும் இல்லை

பெட்ரோல் கசிந்தால் நான்கும் ஏதோ ஒரு விகிதத்தில் வரும். டொலுயீன் தனியாக வந்தால் முதலில் உங்கள் கையைப் பாருங்கள். கயிற்றைக் கட்ட இன்சுலேஷன் டேப் சுற்றினீர்களா, பைப் ஒட்டப் பசை போட்டீர்களா, லேபிள் எழுத மார்க்கர் பேனாவைத் திறந்து குப்பிக்குப் பக்கத்தில் வைத்தீர்களா? ஜெனரேட்டரைக் கிணற்றுக்குப் பக்கத்தில், அதுவும் காற்று வருகிற பக்கம், ஓடவிட்டு சாம்பிள் எடுத்தால் நான்குமே வரும், எல்லாக் கிணற்றிலும் ஒரே அளவில் வரும். நானே ஒருமுறை இப்படி மாட்டியிருக்கிறேன், சுத்தமான தண்ணீர் நிரப்பிய வெற்றுக் குப்பியிலும் அதே அளவு வந்ததால்தான் தப்பித்தேன். அதனால் லேபிலிருந்து சுத்தமான தண்ணீர் நிரப்பிய குப்பி ஒன்றைத் திறக்காமல் கூடவே கொண்டுபோய்க் கூடவே திருப்பி அனுப்புங்கள், இன்னொன்றைக் களத்தில் திறந்து அதே சுத்தமான தண்ணீரால் நிரப்புங்கள். காசு கூடத்தான் ஆகும்.

தண்ணீர் மேல் வானவில் படலம்

எண்ணெய் என்று முடிவுகட்டும் முன் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மூலை மூலையாகப் பிரிந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். குச்சி போன தடத்தைச் சுழன்று வந்து மூடிக்கொண்டால் எண்ணெய். ஆனால் இரும்புப் படலம் என்றதும் நிம்மதியாகப் போய்விடவும் வேண்டாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பெட்ரோலைத் தின்னும்போது முதலில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்க்கும், பிறகு நைட்ரேட்டை, பிறகு மண்ணில் உள்ள இரும்பைக் கரைத்துவிடும், கடைசியில் மீத்தேன்வரை போகும். மற்ற கிணறுகளில் இல்லாத இரும்பு இந்த ஒரு கிணற்றில் மட்டும் ஏறியிருந்தால் பக்கத்தில் எங்கோ எண்ணெய் கிடக்கலாம்.

மீட்டர் எண்ணெய் என்கிறது, பெய்லரில் (கயிற்றில் கட்டித் தண்ணீர் அள்ளும் குழாய்) எண்ணெய் இல்லை

பல மாடல்களில் எண்ணெயில் விடாத பீப், தண்ணீரில் விட்டு விட்டு பீப், உங்களுடையது எப்படி என்று கையேட்டில் பாருங்கள். முந்தைய கிணற்றின் எண்ணெய் மீட்டரின் கண்ணாடி முனையில் ஒட்டியிருந்தால் பொய் சொல்லும். கழுவித் துடைத்து, சுத்தமான கிணற்றில் ஆரம்பித்து மோசமான கிணற்றில் முடியுங்கள்.

அதே நாள், அதே கிணறு, இரண்டு குப்பி, இரண்டு பதில்

இதற்கு இறைக்கும் முறைதான் காரணமாக இருக்கும். பெய்லரைத் தொப்பென்று போட்டால் சேறு கலங்கும், சேற்றில் ஒட்டிய எண்ணெயும் குப்பிக்குள் வரும். 2 அங்குல பைப்பில் ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 2 லிட்டர். அதைப்போல் மூன்று மடங்கு இறைத்துவிட்டு எடுப்பது பழைய வழி. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிவரை மெதுவாக இறைத்து, பி.எச்., மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் நிலைக்கு வந்ததும் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. எந்த வழியானாலும் பாதியில் மாற்றாதீர்கள், முறை மாறினால் பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட முடியாது.

டேங்க் கணக்கு நேராக இருக்கிறது, கிணற்றில் எண்ணெய் நிற்கிறது

டிப் ராடைத் (டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கோல்) தினமும் போட்டு விற்பனையோடு ஒத்துப்பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை என்பார்கள். பெட்ரோல் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். வெயிலில் வந்த டேங்கரிலிருந்து 10,000 லிட்டரை இறக்கி, பூமிக்கடியில் 8 டிகிரி குளிர்ந்தால் 80 லிட்டர் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குள் தினம் ஐந்து லிட்டர் ஒழுகல் சுகமாக ஒளிந்துகொள்ளும். ஒரு நாளின் வித்தியாசத்தைப் பார்க்காமல் மாதம் முழுவதையும் கூட்டிப் பாருங்கள்: கூடுதலும் குறைவும் மாறி மாறி வந்தால் அளவீட்டுப் பிழை, தொடர்ந்து ஒரே பக்கம் குறைவு என்றால் யோசிக்க வேண்டும்.

இங்கேயும் நீர்மட்டம்தான் துப்புக் கொடுக்கும். டேங்கின் அடியில் ஓட்டை இருந்தால், மழைக்காலத்தில் வெளிநீர் டேங்கைவிட உயரமாக நிற்கும்போது தண்ணீர் உள்ளே வரும், கோடையில் பெட்ரோல் வெளியே போகும். ஐப்பசியில் மட்டும் தண்ணீர் வருகிற டேங்கை "மூடி வழியாக மழை இறங்கியிருக்கும்" என்று தள்ளிவிடாதீர்கள். இப்போது வருகிற இ20 பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருப்பதால் கொஞ்சம் தண்ணீரை அது தனக்குள் கரைத்துக்கொள்ளும், டிப் ராடில் பூசித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வாட்டர் பேஸ்ட் நிறம் மாறாமலேயே இருக்கலாம். எத்தனாலுக்கென்று வந்த பேஸ்ட்டை வாங்குங்கள்.

டேங்க் தப்பில்லை என்றால் டிஸ்பென்சருக்கு அடியில் உள்ள குழியைத் திறந்து பாருங்கள், பைப் இணைப்புகள், டேங்கர் ஹோஸ் மாட்டுகிற இடத்தில் உள்ள கிண்ணம். வருஷக்கணக்கில் ஒவ்வொரு லோடிலும் அரை லிட்டர் சிந்தினாலும் கணக்கில் தெரியாது, மண்ணில் சேரும்.

பக்கத்து வீட்டுக்காரர் போர்த் தண்ணீரில் வாடை என்று வந்து நிற்கிறார்

இது பங்கின் பிரச்சினை என்று நீங்கள் ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் பிறகு. முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கொதிக்கவைத்தால் பென்சீன் அடுப்படிக் காற்றில் போய்ச் சேரும். வாடை இல்லை என்கிற அடுத்த வீட்டையும் விட்டுவிடக் கூடாது: உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், நாக்குக்கு அது தெரிய ஆரம்பிப்பதே 500 மைக்ரோகிராமுக்கு மேல். ஐம்பது மடங்கு!

பங்கைத் தவிர வேறு வாய்ப்புகளையும் பாருங்கள். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு போர்களில் எரிபொருள் வந்ததற்குக் காரணம் பங்க் இல்லை, பூமிக்கடியில் போன எண்ணெய்க் குழாய். இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது விரல் நீண்டது மின் நிலையத்தை நோக்கி. பெட்ரோலா, டீசலா, கழிவு எண்ணெயா என்பதை குரோமட்டோகிராம் வரைபடமே காட்டிக்கொடுக்கும், அதனால் லேபிடம் எண்களை மட்டும் வாங்காமல் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் அன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும்.

சாம்பிள் எடுக்கும்போது சமையலறைக் குழாயில் பிடிக்காதீர்கள். மாடித் தொட்டியில் விழுந்து, வெயிலில் காய்ந்து வந்த தண்ணீரில் பாதி பறந்திருக்கும். மோட்டாரிலிருந்து மேலே போகிற பைப்பில், தொட்டிக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால் அதில், ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, வேகத்தைக் குறைத்துப் பிடியுங்கள். அந்தக் குழாய் இல்லாத வீட்டில் பிளம்பரைக் கூப்பிட்டு ஒன்று போட்டுவிட்டு எடுங்கள். அந்த வீட்டு மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டார்கள், எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் உங்கள் பீசோமீட்டர் நோட்டிலேயே, அன்றைய நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.